விபத்தே நடக்காத மூன்றாம் நம்பர்

எங்கள் ஆலையின் சேஃப்டி ஆபீசருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. நானூறு பேரும் அவரைச் 'சைபர் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. விபத்து விகிதத்தைச் சைபருக்குக் கொண்டுவந்ததற்காகத் தொழிலாளிகள் மனமுவந்து கொடுத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேலி என்பது அந்த மனுஷனின் எந்தக் காதிலும் ஏறாது.

நான் அங்கே நர்ஸ். பிரஸ் ஷாப்புக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்த பத்தடி அறை என்னுடையது: ஒரு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கண்ணாடி அலமாரி. ஆலையில் செய்வது கதவுக் கீல். தகட்டைப் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்துப் பெடலை மிதித்தால், மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். கீல் வடிவம் வந்துவிடும். அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் கீல். அதாவது நாலாயிரம் தடவை கை உள்ளே போய் வெளியே வர வேண்டும். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை வந்தால் போதாது.

சைபர் சார் அறையின் சுவரில் ஒரு கிராஃப் தொங்கியது. அதை அவரே அடிக்கோல் வைத்துப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். யார் போனாலும் விளக்குவார். பத்து லட்சம் மணி நேர உழைப்புக்கு எத்தனை விபத்து என்பதுதான் விகிதம். நானூறு பேர் ஒரு வருஷம் உழைத்தால் கிட்டத்தட்ட அந்தப் பத்து லட்சம் வந்துவிடும். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கண்ணால் பார்த்ததையெல்லாம் எழுதினார். பதினாலு வந்தது. தலைமை அலுவலகம் அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்த நம்முடையவரைப் பிடித்து உட்காரவைத்தது. அடுத்த வருஷம் ஒன்பது. அப்புறம் ஆறு, நாலு, இரண்டு. கடைசி இரண்டு வருஷமும் சைபர். கோடு மாடிப்படி மாதிரி இறங்கித் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தக் கோடு இறங்கிய அதே ஆறு வருஷத்தில், எனக்கு வரும், கட்டுப் போடுகிற காஸ் துணிப் பெட்டி மாதம் ஒன்றிலிருந்து மூன்றாக ஏறியது. டி.டி. ஊசி இரண்டு மடங்கு. கணக்குப் பார்க்கிறவனுக்கு அதுவும் ஒரு கிராஃப்தான். அதை யாரும் சுவரில் மாட்டச் சொல்லவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் ஆலையில் கைப்புண்ணைக் கண்ணால் பார்த்தாலும் செல்லாது. சிவப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

சிவப்புப் புத்தகம்தான் விபத்துப் பதிவேடு. அதில் ஏற ஒரு விதி உண்டு. அடிபட்டவன் அடுத்த ஷிஃப்டுக்கு வேலைக்கு வரவில்லை என்றால்தான் அது விபத்து. வந்துவிட்டால் வெறும் முதலுதவி. அது என்னிடம் இருந்த பச்சைப் புத்தகத்தோடு முடிந்தது, விகிதத்தில் சேராது. சைபர் சார் விதியை மீறியதே இல்லை. ஆளை வரவழைத்தார், அவ்வளவுதான். காலையில் கம்பெனி வேன் அடிபட்டவன் வீட்டு வாசலில் போய் நிற்கும். அவனை ஏற்றி வந்து, வாசலில் கார்டு அடிக்க வைத்து, ஸ்டோரில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். எதிரில் ஒரு தட்டு நிறைய ஸ்க்ரூ. பெரியது இந்தப் பக்கம், சின்னது அந்தப் பக்கம். சாயங்காலம் ஸ்டோர்க்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மறுநாளைக்குத் தயாராக வைப்பார். இதற்கு 'உட்கார் வேலை' என்று பெயர். முழுச் சம்பளம் கிடைத்ததால் அடிபட்டவர்களும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு தடவை லாரியில் சரக்கு ஏற்றும் ஆள் ஒருவருக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. நாங்கள் அவரைக் குண்டண்ணன் என்போம், ஆள் அப்படி. நாற்காலியோடு சேர்த்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். கார்டு மெஷின் உயரத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.

"ஏன் சார், செத்தாக்கூட வந்து கார்டு அடிச்சிட்டுத்தான் போகணுமா?" என்று மேலிருந்தே கேட்டார் குண்டண்ணன்.

"செத்தா அது வேற புத்தகம்பா," என்றார் சைபர் சார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் பத்தரை மாற்றுத் தங்கம் இல்லை. உட்கார் வேலைக்கு ஆள் வர வேண்டுமென்றால் 'உட்கார்ந்து வேலை செய்யத் தகுதி உண்டு' என்று ஒரு சீட்டு வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது நான். பச்சைப் புத்தகத்தில் காரணம் எழுதுவதும் நான்தான், அவர் சொல்லச் சொல்ல. 'வீட்டுக் கதவில் நசுங்கியது.' 'சைக்கிள் செயினில் மாட்டியது.' என் புத்தகத்தை நம்பினால், எங்கள் ஊர்க் கதவுகளைப் போலக் கொலைகாரக் கதவுகள் உலகத்திலேயே கிடையாது. ஏன் எழுதினேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வேலை வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மழைக்காலத்திலும் பஸ் ஏற வேண்டாம். இந்த உப்புப் பெறாத சௌகரியத்துக்காகத்தான் எழுதினேன்.

இப்போது மூன்றாம் நம்பர். ஆலையிலேயே பெரிய பிரஸ் அது; பெரிய கீல் எல்லாம் அதில்தான். அதற்கு ஒரு நோய் இருந்தது. பெடலை ஒரு தடவை மிதித்தால் ஒரு தடவை இறங்கி, மேலே போய் நிற்க வேண்டும் இல்லையா? மூன்றாம் நம்பர் எப்போதாவது நிற்காது. கையை உள்ளே விடுகிற நேரம் பார்த்து, யாரும் மிதிக்காமலே இன்னொரு தடவை இறங்கும். பிரஸ் ஷாப்பில் அதை 'மறு அடி' என்பார்கள். வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோ, அதற்குத் தோன்றும்போது.

சிவப்புப் புத்தகத்தில் மெஷின்தான் காரணம் என்று ஏறிவிட்டால், அந்த மெஷினை நிறுத்திப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஓட்டலாம். மற்ற பிரஸ் ஒரு நாள் நின்றால் மேனேஜர் முணுமுணுப்பார். மூன்றாம் நம்பர் நின்றால் அவருக்கு மூச்சே நின்றுவிடும். ஆகவே மற்ற மெஷின்களின் காயங்களில் பாதி மறைந்தது. மூன்றாம் நம்பரின் காயங்கள் முழுசாக மறைந்தன. ஆறு வருஷத்தில் ஏழு பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நாலு பேருக்கு நகம், இரண்டு பேருக்கு விரல் நுனி, ஒருவருக்கு எலும்பு. ஏழும் கதவு, செயின், கதவு, கதவு.

சைபர் சாருக்கு ஒரே மகள். மனைவி இறந்த பிறகு அவரே தலை பின்னிவிட்டு, அவரே பாடம் சொல்லிக் கொடுத்து வளர்த்த பெண். துணிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மருமகன் வேலை செய்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். மகளின் முகம் வாடினால் சைபர் சாருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த ஒரு விஷயத்தில் அவர் மனுஷன்தான், மறுக்கவில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில் சிவப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"நர்ஸம்மா, மாப்பிள்ளைக்கு இங்கயே சொல்லிட்டேன். திங்கக்கிழமை சேர்றாரு."

"நல்லது சார். ஸ்டோர்லயா?"

"ஸ்டோர்ல இடம் இல்லையாம். பிரஸ் ஷாப்தான். ஆனா எந்த மெஷின்னு நானே சொல்லிக்கலாம்னுட்டாரு மேனேஜர். விடுவேனா? ரெண்டு நாளா ஒக்காந்து ஆறு வருஷத்தையும் அலசிட்டேன். பதினெட்டு மெஷின். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணோ ரெண்டோ இருக்கு. ஒரே ஒரு மெஷின்தான் ஆறு வருஷமும் சுத்தமா இருக்கு. மூணாம் நம்பர்."

கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அந்த மனுஷன் விளையாடவே மாட்டார்.

"சார், மூணாம் நம்பர் மறு அடி அடிக்கும். ஏழு பேருக்கு நானே கட்டுப் போட்டிருக்கேன்."

அவர் சிவப்புப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "எங்க இருக்கு? காட்டுங்க."

"இதுல எப்படி சார் இருக்கும்? எழுத வேணாம்னு சொன்னதே நீங்கதானே!"

"சரி, உங்க பச்சைப் புத்தகத்துல காட்டுங்க."

நானும் ஒரு மடச்சி, எடுத்துப் புரட்டினேன். என் குண்டு குண்டு எழுத்தில், அச்சு அடித்த மாதிரி: வீட்டுக் கதவு. சைக்கிள் செயின். வீட்டுக் கதவு. அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா?"

"சார், இதெல்லாம் பொய்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம் நர்ஸம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா தனித்தனியாப் பாக்கக் கூடாது. மொத்தமாப் பாக்கணும். ட்ரெண்டுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்துவிட்டு, பூசணிக்காயே கிடையாது என்று தானே நம்பி, பெற்ற பெண்ணைக் கூப்பிட்டு அந்தச் சோற்றைப் பரிமாறுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். மருமகன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவரிடமும் போய்ச் சொன்னேன். நல்ல பையன், அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். "மாமா பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த மெஷினுங்க," என்றார். அதற்கு மேல் நான் யார்?

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. சைபர் சார் தினமும் பிரஸ் ஷாப் வழியாகப் போகும்போது மூன்றாம் நம்பரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். மருமகன் எழுந்து நிற்பார். நாலாவது வாரம் சனிக்கிழமை, மத்தியானச் சங்கு ஊத அரை மணி இருக்கும்போது, ஃபோர்மேனும் பக்கத்து மெஷின் ஆளும் மருமகனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து மெஷின் ஆளுக்கு நெட்டை என்று பெயர். மருமகனின் வலது கையைச் சுற்றி நெட்டையின் சட்டை. சட்டை என்ன நிறம் என்று தெரியவில்லை.

"பாத்துதான் எடுத்தேன் நர்ஸம்மா," என்றார் மருமகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "கால் பெடல்லயே இல்ல."

"நான் பாத்தேன்," என்றான் நெட்டை. "கால் தரையிலதான் இருந்துச்சு. அதுவா எறங்குச்சு."

சைபர் சார் ஓடி வந்தார். கட்டிலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கே கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

"எந்த மெஷின்?" என்றார்.

"மூணு சார்," என்றார் ஃபோர்மேன்.

"மூணா? மூணுல நடக்காதே!"

மருமகனின் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஆள் நடக்காதே, நடக்காதே என்று மூன்று தடவை சொன்னார். நான்காம் தடவை சொல்ல வாயைத் திறந்தபோது "தள்ளுங்க சார்" என்று நான் கத்தினேன். பரிதாபம் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல். தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்வார்கள். எங்கே சுட்டது? வினை செய்தவர் பத்து விரலோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நானும் பத்து விரலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. விடுமுறை நாள் ஷிஃப்டில் சேராது. அன்று சாயங்காலமே மருமகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கள் காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே சைபர் சார் மடியில் ஒரு தலையணையோடு உட்கார்ந்திருந்தார்.

"கட்டு ஒரு தடவை பாத்துடலாம் நர்ஸம்மா," என்றார். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று கேட்க நான் என்ன குழந்தையா? இத்தனை பேர் வீட்டுக்கு இதே வேனில் போனவள்தான். ஆனால் இந்த வீட்டுக்குக்கூட வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. மகள் கதவைத் திறந்தாள், தூங்காத கண்கள். மருமகன் மேஜையருகே கையை உயர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உள்ள வாங்க நர்ஸம்மா," என்றாள் மகள். அப்புறம் மாடி ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். "வேன் எதுக்குப்பா?"

"மாப்பிள்ளை சும்மா வந்து ஒக்காந்தாப் போதும்மா. ஸ்டோர்ல ஃபேன் இருக்கு. கைக்கு வெச்சுக்கத் தலையணைகூட கொண்டு வந்திருக்கேன்."

"எதுக்கு ஒக்காரணும்?"

"வராமப் போனா ஒண்ணு ஆயிடும்மா."

"என்ன ஒண்ணு?"

"விகிதம்."

அவள் தகப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவருக்கு மூணு வெரல் போயிருக்குப்பா. நீங்க ஒண்ணுங்கறீங்க."

அவர் தலையணையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். மகள் விடவில்லை.

"இன்னிக்கு அந்த மெஷின்ல யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். சனிக்கிழமையே ஃபோர்மேன் என்னிடம் சொல்லியிருந்தார். "நெட்டைம்மா," என்று நான் சொன்னேன். "மாப்பிள்ளைய தாங்கிப் புடிச்சுக் கொண்டாந்தாரே, அவரு."

"மெஷினப் பிரிச்சுப் பாத்துட்டாங்களா?"

"புத்தகத்துல ஏறினாத்தான் பாப்பாங்க," என்றேன்.

"அப்ப ஏத்துங்கப்பா."

"ஏத்தலாம்மா. ஏத்தக் கூடாதுன்னு இல்ல. ஆனா மூணாம் நம்பர்ல ஆறு வருஷமா ஒண்ணுமே கெடையாதும்மா. அதப் பாத்துட்டுத்தானே நானே அவர அதுல..." கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தலையணையைத்தான் உபயோகித்தார்.

"அப்பா," என்றாள் அவள். கத்தவில்லை. "அந்த ஆலையில நானூறு பேரு. உங்க புத்தகத்த நம்புன ஒரே ஆளு நீங்கதான்."

கீழே வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அப்போது மருமகன் எழுந்து, இடது கையால் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, காலால் செருப்பைத் தேடினார்.

"விடும்மா. மாமா சங்கடப்படறாரு. ஒக்காந்துட்டு வந்துடறேன், என்ன இப்ப?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். தகப்பனோடு சண்டை போடலாம்; செருப்பு மாட்டிக்கொண்ட புருஷனோடு என்ன செய்வது? சைபர் சாருக்கு உயிர் வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், இரண்டையும் என்னிடம் நீட்டினார். 'உட்கார்ந்து வேலை செய்யத் தகுதி உண்டு.' மருமகன் பெயரைக்கூட எழுதி வைத்திருந்தார், அழகான கையெழுத்தில்.

"போட மாட்டேன் சார்," என்றேன்.

"என்ன நர்ஸம்மா? இத்தனை வருஷமாப் போட்டீங்களே?"

"போட்டேன்."

வீரம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவள் அந்த நேரம் சமையலறையில் இருந்திருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ. சீட்டு இல்லாமல் ஆளை வாசலில் விட மாட்டார்கள். மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வேனில் திரும்பும்போது நானும் அவரும் தலையணையும்தான். வழி முழுக்க அவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆலைக்குப் போனதும் நேரே பிரஸ் ஷாப்புக்குப் போனேன். மூன்றாம் நம்பரில் நெட்டை தகடு வைத்து, மிதித்து, எடுத்துக்கொண்டிருந்தான். ஃபோர்மேனிடம் நிறுத்தச் சொன்னேன்.

"எனக்கும் மனசு பதறுதும்மா," என்றார் அவர். "ஆனா வாய்ச்சொல்ல நம்பி மூணாம் நம்பர நிறுத்தினா மேனேஜர் என்னை நிறுத்திடுவாரு. மெஷின் கோளாறுன்னு புத்தகத்துல ஏறட்டும், அடுத்த நிமிஷம் சுவிட்ச அணைக்கறேன்."

சைபர் சார் அறைக்கு ஓடினேன். சிவப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் எழுதவில்லை. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் வகுத்துக்கொண்டிருந்தார். நெட்டையின் கை உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறது. இவர் இங்கே தசமப் புள்ளிக்கு அப்புறம் எத்தனை இடம் வரை போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எழுதுங்க சார்."

"எழுதறேன், எழுதறேன். ஒண்ணு புள்ளி பூஜ்யம் நாலு வருது."

"எழுதுங்க!"

எழுதினார். தேதி, பெயர், மெஷின் எண், காயம். ஒவ்வொரு கட்டமாக, அடிக்கோல் வைத்த மாதிரி நேராக. கடைசிக் கட்டம் 'காரணம்'. அதில் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சரசரவென்று எழுதி, மை உறிஞ்சும் தாளால் ஒற்றி, என் கையெழுத்துக்காகப் புத்தகத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும், அவருடையதும் என்னுடையதும்.

படித்தேன். 'தொழிலாளியின் கவனக்குறைவு.'

ஆள் கவனக்குறைவு என்றால் மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. பிரிக்க வேண்டியதில்லை. நெட்டை நாலாயிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், கை இருந்தால்.

"கால் பெடல்ல இல்லன்னு மாப்பிள்ளையே சொன்னாரு. நெட்டை பாத்தான். நீங்களும் கேட்டீங்க. அப்புறம் ஏன் சார்?"

"கட்டம் சின்னது நர்ஸம்மா," என்றார் அவர், என் கண்ணைப் பார்க்காமல். "அதுல ரெண்டு வார்த்தைதான் கொள்ளும்."

த்தூ என்று துப்பியிருப்பேன். துப்பினால் புத்தகம் நனையும். அது எனக்கு வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தேன். பதிவேட்டில் அடித்தால் ஒரே ஒரு கோடுதான் போட வேண்டும், கிறுக்கக் கூடாது, அதுவும் விதி. பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 'பெடலை மிதிக்காமலே பிரஸ் இரண்டாம் முறை தானாக இறங்கியது. இதற்கு முன் இதே மெஷினில் இதே போல் ஏழு பேருக்கு.' கட்டத்தைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, பக்கத்தின் அடி வரைக்கும் போயிற்று. என் பெயரைப் போட்டேன். 'பச்சைப் புத்தகத்தில் நான் எழுதியவை பொய்' என்றும் எழுதினேன்.

"நர்ஸம்மா, அது என் புத்தகம்," என்றார் சைபர் சார் மெதுவாக.

புத்தகத்தோடு பிரஸ் ஷாப்புக்கு நடந்தேன். ஃபோர்மேன் நின்றுகொண்டே படித்தார், இரண்டு தடவை. பிறகு போய்ச் சுவிட்சை அணைத்தார். மூன்றாம் நம்பர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நெட்டை கையில் தகட்டோடு திரும்பிப் பார்த்து, "என்ன, கரண்ட் போச்சா?" என்று கேட்டான்.

மத்தியானம் பிரித்துப் பார்த்தார்கள். கிளட்ச்சுக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு தேய்ந்து போயிருந்தது. மாற்ற அரை நாள் பிடித்தது. ஆறு வருஷம், எட்டுக் கை, அரை நாள் வேலை. அடுத்த மாதம் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். பொய்ப் பதிவு செய்ததாக நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே, காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சைபர் சாரை அனுப்பவில்லை. கிராஃபில் அந்த வருஷத்துக்கு ஒன்று என்று ஏற்றி வரைந்துவிட்டு, அடுத்த வருஷம் இறக்கிக் காட்டுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னாராம். ஃபோர்மேன் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மகள் என் வீட்டுக்கு வந்தாள். நஷ்ட ஈட்டுக்கு எழுதிப் போட்டதில், சிவப்புப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு நன்றி சொல்லத்தான் வந்தாள். புருஷன் இடது கையால் எழுதப் பழகுகிறார் என்றாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார், அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறார், தலை துவட்டிவிடுகிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது, பழசையெல்லாம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன் என்றாள். பேசிக்கொண்டே நகலை மேஜை மேல் விரித்தாள். கேஸ் நடத்துகிறவர் கேட்டாராம், இந்த அடித்த எழுத்து யாருடையது என்று.

ஒரே கோடுதான் போட்டிருந்தேன். அடியில் இருந்தது பளிச்சென்று தெரிந்தது, இரண்டு வார்த்தையும்.

அவள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நர்ஸம்மா, இது அப்பா கையெழுத்தா?"

பொய் எழுதி எழுதிப் பழகிய கைதான் என்னுடையது. பொய் சொல்ல வாய்க்கும் தெரியும். அன்றைக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"ஆமாம்மா," என்றேன்.